கசியும் பாட்டு

"இது இங்க வந்துட்டுப் போனது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியவே கூடாது, தம்பி."

மாடிப்படி ஏறிய மூச்சிரைப்பு அடங்குவதற்குள் ஃபூமி அம்மாள் துணி முடிச்சை அவிழ்த்துவிட்டாள். உள்ளே ஒரு பழைய ஹெட்போன். அதைப் பார்த்ததும் சுகிமோரி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். ஒசாகாவின் நிப்பொன்பாஷி கடைத்தெருவில் பழைய ஹெட்போன்களைப் பழுது பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. ஆனாலும் இந்த மாதிரி ஒன்றைத் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"அடேயப்பா! இது சாமானியமா கிடைக்காதேம்மா."

"ரேடியோ ஸ்டேஷன்ல ஒலிப்பதிவுல இருந்தவர் அவர். முதல் போனஸை அப்படியே கொடுத்து வாங்கினார். என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே இதைக் கட்டிக்கிட்டார்."

"அப்போ இது மூத்த சம்சாரம்னு சொல்லுங்க."

"செல்லமும் இதுக்குத்தான். இதை மாட்டிக்கிட்டு உக்காந்தா, சாப்பிட வாங்கன்னு நான் தொண்டை கிழியக் கத்தினாலும் காதுல விழாது. அப்புறம் கழட்டிட்டு, 'பாட்டுல இருந்தேன்'ம்பார்."

சுகிமோரி சிரித்துக்கொண்டே அதை ஒலிபெருக்கிப் பெட்டியில் இணைத்துத் தலையில் மாட்டினான். இரண்டு பக்கமும் மூச்சே இல்லை.

"சுத்தமா செத்துப் போச்சும்மா. எப்போலேர்ந்து?"

"கொஞ்ச நாளாச்சு." ஃபூமி அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "தூசி தட்டும்போது கீழ போட்டுட்டீங்க. சரிதானே?"

பதிலுக்கு அவள் கைப்பையைத் துழாவி, ஒரு எலுமிச்சை மிட்டாயை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். ஒசாகா அம்மாக்களின் பையில் மிட்டாய் இல்லாமல் இருக்காது. நன்றி சொல்லவும் அதுதான், பேச்சை மாற்றவும் அதுதான்.

"தெருச் சங்கத்து ஆளுங்களோட வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போயிருக்கார். சனிக்கிழமை சாயங்காலம் வந்துடுவார். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன் சிநேகிதங்க வீட்டுக்கு வர்றாங்க. வந்தா ஆளாளுக்கு இதை மாட்டிப் பார்க்காம போக மாட்டாங்க. அதுக்குள்ள இது பாடியாகணும். இல்லேன்னா அவர் மானம் போயிடும்."

"அவர் மானமா, உங்க மானமா?"

"போக்கிரி! வேலையைப் பாருங்க."

அவன் பிரித்துப் பார்த்தான். ஒயரின் துணி உறைக்குள் கம்பி இற்றுப் போயிருந்தது. உள்ளே வைத்த பஞ்சு கருகி, தொட்டால் தூளாக உதிர்ந்தது. ஆனால் காது மெத்தைகளில் மட்டும் தூசி இல்லை. தலைத் தைலத்தின் வாசனை, நேற்றுத்தான் யாரோ கழற்றி வைத்ததுபோல் அடித்தது. அதை அவன் பெரிதாக நினைக்கவில்லை.

"வந்ததே வந்துச்சு, நல்லதாவே பண்ணிடலாம்மா. உள்ளே உசத்தியான செம்புக் கம்பி போடறேன். மேலே அதே பழைய துணி உறை. பார்த்தா வித்தியாசம் தெரியாது. இன்னொண்ணு, இதுக்கு முதுகுல வெறும் வலைதான் இருக்கு. பாட்டு வெளியே கசியும். பக்கத்துல இருக்கிற உங்களுக்குத் தொந்தரவு. உள்பக்கமா ஒரு தகடு வெச்சு அடைச்சிடட்டுமா?"

"ஐயையோ! அதை மட்டும் தொட்டுடாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அவன் கையிலிருந்த திருப்புளி நழுவியது.

சனிக்கிழமை மதியம் ஃபூமி அம்மாள் வந்தாள். ஹெட்போன் மேசைமேல் தயாராக இருந்தது. அதே பழைய முகம், கீறல்கள்கூட அப்படியே.

"மாட்டிப் பாருங்கம்மா."

"நான் எதுக்கு? நீங்க மாட்டிக்குங்க."

சொல்லிவிட்டு முக்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து பின்னல் ஊசியையும் நூலையும் எடுத்தாள். ஒன்றும் புரியாமலே அவன் ஒரு சாக்ஸபோன் இசைத்தட்டைச் சுழலவிட்டான்.

"இன்னும் கொஞ்சம் கூட்டுங்க, தம்பி. அவர் எப்பவும் சத்தமாத்தான் வெச்சுப்பார்."

கூட்டினான். வலை வழியாக, தூரத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோல் பாட்டு மெல்லக் கசிந்தது. அவள் ஊசி ஓடவில்லை. தலையைச் சற்றே சாய்த்தபடி, பாட்டு முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"போதும்," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இதேதான். அப்படியே பழையபடி இருக்கு."

சுகிமோரி ஹெட்போனைத் துணியில் சுற்றிக் கொடுத்தான். மனசு கேட்கவில்லை.

"அம்மா, ஒரே ஒரு கவலை. வெளியே கேக்கறவங்களுக்கு வேணா பழையபடி இருக்கும். உள்ளே முன்னைவிட நல்லா பாடுது. அவருடையது ஸ்டேஷன்ல பழகின காது. இன்னிக்கு ராத்திரி மாட்டின உடனே, யாரோ கை வெச்சிருக்காங்கன்னு கண்டுபிடிச்சிடும். பேசாம நீங்களே முந்திக்கிட்டு, கீழ போட்டுட்டேன்னு ஒத்துக்கிடுங்க. கட்டின பொண்டாட்டியை என்ன சொல்லிடப் போறார்?"

ஃபூமி அம்மாள் முடிச்சை இறுக்கினாள். இன்னொரு மிட்டாயை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"நான் கீழ போடலை, தம்பி. இது மார்ச் மாசமே செத்துப் போச்சு. பக்கத்துல உக்காந்து பின்னிக்கிட்டிருந்த எனக்கு, கசியறது நின்ன உடனே தெரிஞ்சுபோச்சு. அவருக்குத்தான் தெரியலை. இன்னும் தினம் சாயங்காலம் எனக்குப் பிடிச்ச இசைத்தட்டாப் பார்த்துப் போட்டு, இதை மாட்டிக்கிட்டு, காலால தாளம் தட்டி, 'இன்னிக்குச் சத்தம் பிரமாதம்'ங்கறார்."