ஃபேனில் எழுதிய பெயர்

மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையை ஊர்க்காரர்கள் ஒன்றுகூடிப் பள்ளிக்கூடமாக்கினார்கள். பெஞ்சு ஒருவர் தந்தார், கரும்பலகை இன்னொருவர் தந்தார். தந்தவர்கள் எல்லோரும் தங்கள் பெயரைப் பொருளின் மேலேயே எழுதிவைத்தார்கள்.

ஐந்தாம் வகுப்பு டியூப்லைட்டில் 'உபயம்: நகைக்கடை ஆவுடையப்பன்' என்று சிவப்பு எழுத்து. அங்கே சுற்றிய ஃபேனின் றெக்கையில் 'உபயம்: லாரி ஆபீஸ் வெள்ளைச்சாமி'.

ஃபேனுக்கு ஒரே வயிற்றெரிச்சல். "உன் பேரைப் பிள்ளைங்க தினமும் எழுத்துக்கூட்டிப் படிக்குதுங்க. என் பேரை ஒருத்தரும் படிச்சதில்லை."

ஃபேனுக்கடியில் இடம் பிடிக்கப் பிள்ளைகள் அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து டியூப்லைட்டும் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தது. "சுத்திக்கிட்டே இருந்தா எப்படிப் படிப்பாங்க? கொஞ்சம் நில்லேன்" என்றது.

மறுநாள் காலையில் ஃபேன் நின்றுவிட்டது. வகுப்பே அண்ணாந்து பார்த்தது. "லாரி ஆபீஸ் வெள்ளைச்சாமி!" என்று எல்லோரும் சத்தம்போட்டுப் படித்தார்கள். ஃபேனுக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சர் ரெகுலேட்டரை எவ்வளவு திருகியும் அது அசைந்துகொடுக்கவில்லை.

மத்தியானம் எலக்ட்ரீஷியன் வந்து அதைக் கழற்றி மூலையில் சாய்த்துவிட்டு, வேறொருவர் தந்த புது ஃபேனை மாட்டினார். அதன் றெக்கையிலும் ஏதோ பெயர் சுற்றியது.

"இப்ப என் பேர் நல்லாத் தெரியுதா?" என்று மூலையிலிருந்து கேட்டது பழைய ஃபேன்.

"தெரியுது, தெரியுது" என்றது டியூப்லைட். அது மூலைப் பக்கம் பார்க்கவே இல்லை. புது ஃபேனுக்கடியில் இடம் பிடிக்கப் பிள்ளைகள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.