முகத்துக்கு ஒரு நாளிதழ்

2023 நவம்பர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்து தூறல் விடவில்லை.

“சம்பாவுக்கு யூரியா வாங்கிட்டு வந்துடறேன்” என்று ஒரத்தநாட்டிலிருந்து புறப்பட்ட வைரக்கண்ணு, தஞ்சாவூரில் ஒரு லாட்ஜுக்குள் நுழைந்தான். அதே பேருந்தின் கடைசி இருக்கையில், முக்காடு போட்டு வந்திருந்த அவன் மனைவி செந்தாமரை அதைக் கண்ணாரக் கண்டாள்.

எட்டு மாதமாக அவன் அவளைத் தொடவில்லை. கேட்டால், ‘அசதி’ என்பான். அசதியின் முகவரி இதுதானா!

விறுவிறுவென்று மாடியேறி, அவன் புகுந்த அறையின் கதவைத் தள்ளினாள்.

உள்ளே பெண் எவளும் இல்லை. ஒன்பது ஆண்கள், ஒன்பது பேரும் முகத்தை மறைத்தபடி நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு பலகை: ‘சுய இன்பத்தால் இளமை இழந்தோருக்கு மறுவாழ்வு. பிரதி மாதம் 14ஆம் தேதி மட்டும்.’

செந்தாமரை கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மண்வெட்டி பட்டு நகம் போன பெருவிரலின் முன் நின்றாள்.

“யூரியா இங்கதான் விக்கிறாங்களா?”

நாளிதழ் தாழ்ந்தது.

“கத்தாத தாமரை. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே அந்தப் பழக்கம்... இன்னும் விடல. நரம்பெல்லாம் செத்துடும்னு இந்த வைத்தியரு டிவியில சொன்னாரு. அதான் உன் பக்கம் வரவே பயம்.”

“கட்டுனவகிட்ட சொல்லாம, முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட சொல்ல வந்தீங்களாக்கும்?”

“நீ காறித் துப்பிடுவியோன்னு...”

“அதனால நரம்பும் சாவாது, ஒண்ணும் ஆவாது. நம்ம நர்ஸ் கமருன்னிஸா அக்கா போன வருஷமே சொல்லிட்டாங்க. எந்திரிங்க!”

அவன் எழுந்தான். மற்ற எட்டு நாளிதழ்களும் மெல்லத் தாழ்ந்தன.

“அந்த அக்கா எந்த ஆஸ்பத்திரிம்மா?” என்றது ஒரு குரல்.

திரும்பும் பேருந்து தஞ்சாவூரைத் தாண்டிய பிறகுதான் வைரக்கண்ணுவுக்கு ஏதோ உறைத்தது.

“ஏ தாமரை, என் சங்கதி உனக்கு இன்னைக்குத்தானே தெரியும்?”

“ஆமா.”

“அப்ப, போன வருஷம் யாருக்காகக் கேட்ட?”

பதற்றத்தில் அவன் கையோடு கொண்டுவந்துவிட்ட லாட்ஜ் நாளிதழைச் செந்தாமரை பிடுங்கி, தன் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அவன் அதை மெல்லத் தாழ்த்தினான். பிறகு இருவரும் பேசத் தொடங்கினார்கள். ஒரத்தநாட்டில் இறங்கவேண்டியவர்கள் பட்டுக்கோட்டையில்தான் இறங்கினார்கள். யூரியாவையும் அங்கேயே வாங்கினார்கள்.