குளிர் தேசத்துக் குளியல்

"அந்தக் குளுருல புள்ளைய குளுப்பாட்டவே முடியாது சலேத். சொன்னா புரிஞ்சிக்கோ. ரெண்டே நாள்ல சளி புடிச்சி நெஞ்சு கட்டிக்கும்."

இன்னாசிமுத்து இதைச் சொல்வது அன்றைக்கு நாலாவது தடவை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை. பதினைந்து மாதம் கழித்து லீவில் பாகூருக்கு வந்தவன், ஆறு மாதத்து மகனை இந்தத் தடவைதான் முதன்முதலாகப் பார்க்கிறான். வருகிற திங்கட்கிழமை திரும்ப விமானம் ஏறவேண்டும்.

அவன் மனைவி சலேத்மேரிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தன்னையும் பிள்ளையையும் பிரான்சுக்கு அழைத்துப் போவதாக, பாண்டியிலுள்ள பிரெஞ்சு ஆபீசில் அவன் ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடவேண்டும். போட்டோ எடுத்து, பேப்பரையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு மூன்று வாரமாக அவனைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் புருஷனோடு இருந்தது மொத்தம் நூறு நாள் தேறாது, பாவம்.

"ஏங்க, அந்த ஊர்ல யாரும் புள்ள பெத்துக்கறதே இல்லியா? அதுங்கல்லாம் குளிக்காமதான் வளருதா?"

"அவங்க ஒடம்பு வேற. இங்க மாதிரி கால நீட்டி, புள்ளைய மேல போட்டுக்கினு, சொம்பு சொம்பா ஊத்தறதெல்லாம் அங்க ஆவாது. சூடு கொஞ்சம் கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. இடுக்குல ஈரம் நின்னா தோலு வெந்து பூடும். உன்னால முடியாது, வுடு."

"அவன் நல்லதுக்குத்தானம்மா சொல்றான்" என்று மாமியார் ஞானம்மா முறத்தைப் புடைத்தபடியே மகனுக்கு ஒத்து ஊதினாள்.

சலேத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னால இன்னா முடியாது? எப்பிடின்னு செஞ்சு காட்டுங்க. நானும் அப்பிடியே செஞ்சிட்டுப் போறேன்."

இன்னாசிமுத்து பேசாமல் எழுந்து டீக்கடைக்குப் போயிருக்கலாம். வாதத்தில் ஜெயிக்கவேண்டுமே! சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"பாரு. எவ்ளோ வேலன்னு நீயே பாத்துக்கோ."

அகலமான அலுமினியப் பாத்திரத்தில் வெந்நீரை விளாவினான். விரலை விட்டுப் பார்க்கவில்லை, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தான். இடது கையால் பிள்ளையின் பிடரியைத் தாங்கி, அக்குளில் விரலைக் கோத்துக்கொண்டு, மெல்ல தண்ணீரில் இறக்கினான். குளிப்பாட்டினால் தினமும் தெருவையே கூட்டுகிற பயல், இன்றைக்குப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தான்.

கழுத்து மடிப்பு, காதுக்குப் பின்னால், தொடை இடுக்கு என்று ஒரு இடம் பாக்கியில்லை. தூக்கித் துண்டில் போட்டவன் தேய்க்காமல் ஒத்தி ஒத்தி ஈரத்தை எடுத்தான்.

பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணு வேலியோரம் வந்து நின்றுவிட்டாள். ஐந்து பெற்றவள்.

"அடேயப்பா! எங்க வூட்ல இருக்காரே, புள்ள மூத்திரம் போனா பத்தடி தள்ளி நின்னு என்னியக் கூப்புடுவாரு!"

"வெள்ளக்காரன் பட்டாளத்துல எல்லாந்தான் சொல்லிக் குடுப்பான்" என்றாள் ஞானம்மா, பெருமை தாங்காமல்.

"ஆமாம்மா. முதலுதவி கிளாசுல காட்டினாங்க" என்றான் இன்னாசிமுத்து.

சலேத்துக்கு உள்ளம் குளிர்ந்துபோனது. இப்படிப்பட்ட மனுஷனிடமா மூன்று வாரமாக மல்லுக்கு நின்றோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. இவன் கூடவே இருந்தால் பிள்ளை எப்படி வளரும்!

இன்னாசிமுத்து பழைய வேட்டித் துணியை முக்கோணமாக மடித்தான். இன்னொரு துண்டை நாலாக மடித்து, பின்பக்கம் மெத்தென்று இருக்கும்படி வைத்தான். ஊக்கை வாயில் கவ்விக்கொண்டு, ஒரே கையால் பிள்ளையின் இரண்டு கணுக்காலையும் தூக்கி, துணியை அடியில் தள்ளினான். ஊக்கு பிள்ளையைக் குத்திவிடாமல் தன் விரலை உள்ளே கொடுத்து மாட்டினான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"பாத்தியா? இத்தன வேல கீது. உன்னால ஆவுமா?" என்று பிள்ளையை மார்போடு தூக்கி அணைத்தான்.

பயல் நேரம் பார்த்து ஒன்றுக்கு அடித்துவிட்டான். முன்பக்கத்து ஒற்றைத் துணி எந்த மூலைக்கு? பின்பக்கம் காய்ந்தபடியே இருக்க, இன்னாசிமுத்துவின் சீமைச் சட்டை தொப்பலாக நனைந்தது.

சின்னபொண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னா தம்பி, எல்லாம் செஞ்சு இதுல கோட்ட வுட்டியே! ஆம்பளப் புள்ளைக்கு முன்னாடியில்ல மொத்தமா வைக்கணும்? நீ பொட்டப் புள்ளைக்கு வைக்கறாப்புல பின்னாடி வச்சிக் கட்டியிருக்க!"

"அட, கைப்பழக்கம்க்கா! என்னியும் அறியாம அப்பிடியே மடிச்சிட்டேன்" என்று அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

ஞானம்மாவும் சிரித்தாள். சலேத் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையை அவனிடமிருந்து வாங்கி, ஈரத்தை உருவிப் போட்டுவிட்டு, வேறு துணி கட்டினாள். கட்டி முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

"நீங்க பாண்டிக்குப் போவ வேணாங்க. கையெழுத்தும் போட வேணாம்."

அப்பாடா என்று இருந்தது இன்னாசிமுத்துவுக்கு. "இப்பவாச்சும் புரிஞ்சிதா?"

"நல்லாவே புரிஞ்சிது" என்றாள் சலேத். "அங்க இருக்கற பொண்ணுக்கு இன்னா பேரு வச்சிருக்கீங்க?"