செம்பும் துத்தநாகமும் தொடும் இடம்

"இந்தப் போஸ்டரை மாட்டித்தான் ஆகணுமா, டெல்ஃபின்?"

கனடாவின் கால்கரி நகரில், வேதியியல் மாநாட்டுக் கூடத்தின் வாசலில் கிரெய்க் பாய்ச்சுக் அவளை மடக்கினார். "வெதர்பி வழி தப்புன்னு சொல்றது இங்க பாதிப் பேர் பொழைப்புல மண்ணைப் போடுற மாதிரி. நாளைக்கு உனக்கு யார் வேலை குடுப்பாங்க?"

டெல்ஃபின் அவருடைய ஆய்வுக் குழுவில் இருந்தாள். அவளுடைய ஒப்பந்தம் குளிர்காலத்தோடு முடிகிறது. கிரெய்க் கெட்டவர் அல்ல, பயந்தவர்.

"கணக்கு அப்படித்தான் சொல்லுது, கிரெய்க்" என்று சொல்லிவிட்டு, தன் ஆய்வை விளக்கும் அந்தப் போஸ்டரை மாட்டினாள். காபி குடிக்கப் போன அவர் பிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

கரியமில வாயுவை ஹைட்ரஜனோடு சேர்த்து மெத்தனாலாக மாற்றுகிற வினையூக்கியில் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கும். வேலையெல்லாம் செம்பின் மேல்தான் நடக்கிறது என்பது வெதர்பி வழி; பாடப் புத்தகங்களில் அதற்கு அந்தப் பெயர்தான். டெல்ஃபின் அணு அணுவாகக் கணினியில் நகர்த்திப் பார்த்திருந்தாள். வெறும் செம்பின் மேல் மாற்றம் நடக்க நிறைய ஆற்றல் தேவைப்பட்டது. துத்தநாகம் செம்பைத் தொடும் ஓரத்திலோ கொஞ்சமே போதுமானதாக இருந்தது.

வந்தவர்கள் தலைப்பைப் படித்ததும் நகர்ந்தார்கள். கணினிக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த விடை வரும்வரை கணக்கை விடமாட்டார்கள் என்று ஒருவர் அவள் காதுபடச் சிரித்துவிட்டுப் போனார்.

மாலையில், பனி ஒட்டிய கோட்டோடு ஒருவர் வந்து நின்றார். பெயர் அட்டை கோட்டுக்குள் மறைந்திருந்தது. பேச்சைப் பார்த்தால் தொழிற்சாலைக்காரர் போலிருந்தது. நீராவியைக் கணக்கில் சேர்த்தீர்களா என்றார். சேர்த்திருந்தாள். வினை நடக்கும் சூட்டில் அந்த ஓரம் உருக்குலைந்து போகாதா என்றார். அதையும் பார்த்திருந்தாள். மனிதர் விடாமல் குடைந்தார். ஆனாலும் அன்று முழுக்க அவளிடம் ஒழுங்காகக் கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலா கனமான ஹைட்ரஜனை விட்டா என்ன ஆகும்?"

"வேகம் குறையும். வெதர்பி வழி சரின்னா குறையக் கூடாது."

அவர் குனிந்து, போஸ்டரில் இருந்த படத்தில் செம்பும் துத்தநாகமும் தொடும் ஓரத்தில் விரலை வைத்தார்.

"குறையத்தான் செய்யுது" என்றார் மெல்ல. "நானே போட்டுப் பார்த்திருக்கேன். ஏன்னு இன்னிக்குத்தான் புரியுது. ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்க."

போஸ்டரைப் படமெடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, எடுத்துக்கொண்டு போனார். பெயரைக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. யாரோ ஒருவருக்காவது புரிந்ததே என்றிருந்தது.

மறுநாள் அவள் போஸ்டரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கிரெய்க் மூச்சிரைக்க ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நேத்து யார்கிட்ட பேசினே நீ? முதல்ல உள்ள வா."

பெரிய அரங்கு நிரம்பியிருந்தது. திரை முழுக்க அவளுடைய போஸ்டரின் படம். மேடையில் நேற்றைய மனிதர், கோட்டு இல்லாமல்.

"சரியான வழியைக் கண்டுபிடிச்சவங்க இதோ வாசல்ல நிக்கிறாங்க. எல்லாரும் எழுந்து கை தட்டுங்க. நாப்பது வருஷமா நீங்க என் பேரைச் சொல்லிப் பாடம் நடத்துற வழி தப்பு" என்றார் வெதர்பி.