வெள்ளைக்கு மேலே

வரவேற்பறையின் கடல்நீர்த் தொட்டியில், நீல வெளிச்சத்துக்கு அடியில், பவளப்புற்று அடியிலிருந்து மேல்நோக்கிச் செத்து வெளுத்துக்கொண்டே வருகிறது. நல்ல கிளையை இன்றே வெட்டியெடுத்தால்தான் அதுவாவது பிழைக்கும். பன்னிரண்டு வருடம் வளர்த்தவர் கத்தரியை எடுக்கிறார்; போன மாதம் தொடங்கிய கைநடுக்கத்தில் அது கண்ணாடியில் டக்டக்கென்று தட்டுகிறது. மனைவியிடம் நீட்டுகிறார். "என் சக்களத்திய நானே வெட்டணுமா?" என்கிறாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கையை முழங்கை வரை நீரில் விட்டு, "எங்க?" என்று கேட்கிறாள். "வெள்ளைக்கு மேல, உசிரு இருக்கிற இடத்துல." எலும்பு முறிவதுபோல் ஒரு சத்தம். அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். கிளையைப் பசை வைத்துப் புதுக் கல்லில் நிறுத்திவிட்டு, "உப்பு எவ்வளவு போடணும்னு சொல்லுங்க, இனி நான் பாத்துக்கறேன்" என்கிறாள். அவர், இத்தனை வருடம் தொட்டி முன்னால் தான் மட்டுமே உட்கார்ந்த நாற்காலியை அவள் பக்கம் நகர்த்துகிறார்.