ஒரே கைதட்டல்

"எலக்ட்ரானெல்லாம் ஃப்ரீயா இருக்குது, நீ ஒருத்திதான் ஃப்ரீயா இல்லே" என்று செங்கோடன் தன் மனைவி பொன்மலரைச் சீண்டாத நாளில்லை. அவளும் கூட்டாளிகளும் கட்டிய 'ஃப்ரீ எலக்ட்ரான் லேசர்' இன்று முதன்முதலாக ஒளிரவேண்டும். ஆய்வகத்துக்குள் குடும்பத்தாரையும் விட்டிருந்தார்கள்.

"அணுவை உட்டு வந்த எலக்ட்ரானுங்க. வரிசையா வெச்ச காந்தத்துக்கு நடுவுல நெளிஞ்சு நெளிஞ்சு ஓடும். நெளியறப்பெல்லாம் ஒளி விடும். மொதல்ல அதுக இஷ்டத்துக்குத்தான் விடும். அப்பறம் அந்த ஒளியே அதுகளை அணி சேத்து ஒண்ணா விட வெச்சிரும்" என்றாள் பொன்மலர்.

"மேய்க்க ஆளில்லாமயா? போ கண்ணு, கதை உடறே."

அவள் வாய் திறக்குமுன் திரையில் மங்கிக் கிடந்த லேசர் புள்ளி வெள்ளையாய்ப் பற்றி எரிந்தது. அறையே கைதட்டியது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்ததுபோலத் தாறுமாறான சத்தம். யாருக்கும் நிறுத்த மனமில்லை. சற்று நேரத்தில், எவரும் சொல்லாமலே, அத்தனை கைகளும் ஒன்றாக விழத் தொடங்கின. கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது.

செங்கோடன் குனிந்து தன் கைகளைப் பார்த்தான். அவையும் அதே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தன.

கன்னத்தில் கண்ணீரோடு, தட்டுவதை விடாமல், பொன்மலர் அவன் காதருகே குனிந்தாள்.

"இப்ப மேய்ச்சது ஆருங்க?"