முப்பத்திரண்டுக்குள் ஒரு வீடு

விளாத்திகுளத்தில் கரண்ட் இல்லாத தெருக்களில் பிரசவத்துக்கு அனுமதி வாங்குவது லேசான காரியமில்லை. பிள்ளைத்தாய்ச்சி தாய்வீட்டுக்கு வந்து சேரும் நாளில், அரசாங்க நர்ஸ் சுவரில் மாட்டிய வெப்பமானியின் முள் பொழுது சாயும்வரை முப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டிவிட்டால் அன்றைக்கே மாமியாரின் ஏசி வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

இசக்கியம்மாள் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்து, வெயில் கீழே இறங்காமலிருக்க அதன்மேல் பானைகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்தாள். ஜன்னல்களில் நனைத்த வெட்டிவேர்த் தட்டி கட்டி, விடியுமுன் கதவடைத்து, இரவின் குளிர்ச்சியை உள்ளே பிடித்து வைத்திருந்தாள்.

வளைகாப்பு முடித்து மகள் தங்கபுஷ்பத்தைக் கொண்டுவிட வேன் நிறையச் சனம் வந்து இறங்கியது. பாதிப்பேர் உள்ளே நுழைவதற்குள் முள் ஏறத் தொடங்கிவிட்டது. மனுஷ உடம்பும் சூடுதான் என்பது இசக்கியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "யாரும் தப்பா நெனைக்காதீங்க. எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போங்க. பந்தி அங்கதான்."

"சம்பந்தகாரங்கள வெளிய போகச் சொல்லுத மொத ஆளு நீங்கதான், மைனி" என்று முகத்தைத் திருப்பினாள் சம்பந்தி ராஜகனி.

"பேரப்பிள்ளை உள்ள பொறக்கணும்னா நாம வெளிய இருக்கணும், மைனி."

பொழுது சாய்ந்தபோது முள் முப்பத்தொன்றில் நின்றது. நர்ஸ் வந்து பார்த்து, கதவில் அனுமதிக்கான பச்சை முத்திரையை ஒட்டியதும் மரத்தடியிலிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது.

மருமகளிடம் சொல்லிக்கொண்டு கிளம்ப உள்ளே வந்த ராஜகனி, தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவேயில்லை.

"எங்க ஏசியில கூட இந்தக் குளுமை இல்ல. பேறுகாலம் முடியிற வரைக்கும் நானும் இங்கனயே இருக்கட்டா?"

"தாராளமா இருங்க. வெயில் ஏறுனா வெளிய போகச் சொல்லுவேன், கோவிக்கக் கூடாது" என்றாள் இசக்கியம்மாள்.